"வீட்டில்தானே இருக்கிறாய்?"

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பகுதியில் பல ஆண்டுகளாகப் பிசியோதெரபி சிகிச்சை அளித்து வருகிறேன். 2020 மார்ச்சுக்கு முன்பு என்னிடம் வந்த கணினி நிறுவன ஊழியர்களுக்குப் பெரும்பாலும் இடுப்புவலிதான். தாம்பரத்திலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் இருசக்கர வாகனத்தில் சிறுசேரி வரை போய்த் திரும்பியவர்கள் அவர்கள். ஊரடங்குக்குப் பிறகு வலி கழுத்துக்கும் தோளுக்கும் ஏறிவிட்டது. அலுவலகங்கள் மீண்டும் திறந்த பிறகும், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அதே கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தாம்பரத்துக்காரர் ஒருவருக்கு நான் மாதக்கணக்கில் சிகிச்சை கொடுத்தும் தீராத இடுப்புவலி, வண்டிப் பயணம் நின்ற சில வாரங்களில் பாதிக்கு மேல் குறைந்தது. கைக்குழந்தைக்காரர்களுக்கு இது பெரிய வரம். 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்போடு நிற்கவில்லை. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகும் நிறுவனமும் ஊழியரும் பேசி, வீட்டிலிருந்து வேலை செய்ய ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றது. அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. என்னிடம் வரும் இளம் தாய்மார்களில் பலருக்கு இது தெரியவில்லை. தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் பயணத்தோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. தெருமுனைவரை நடை, நிறுவனப் பேருந்தில் ஏறி இறங்குவது, வாசலிலிருந்து லிஃப்ட், இருக்கையிலிருந்து உணவகம், சந்தேகம் கேட்கப் பக்கத்து அணியின் இடம். இவற்றை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. வீட்டிலோ கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே பத்து எட்டு நடைதான். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளுக்குள் (டிஸ்க்), பெரியவர்களுக்கு ரத்தக் குழாய்கள் அநேகமாகக் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அவற்றுக்கு உணவு, அந்த ஊறலுக்கு அசைவு துணை செய்கிறது. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஒரு மணிக்கு எழுபவரின் முதுகு பசியோடு இருக்கிறது என்று நோயாளிகளிடம் சொல்வேன்.

ஷாங்காய் நகரில் ஒரு பயண நிறுவனத்தின் அழைப்பு மைய ஊழியர்களிடம் ஒன்பது மாதம் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. முடிவுகள் 2015இல் வெளியாயின. வீட்டிலிருந்தே வேலை செய்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த 13 சதவீதப் புள்ளிகளில் சுமார் 9 எங்கிருந்து வந்தது தெரியுமா? இடைவேளையும் மருத்துவ விடுப்பும் குறைந்து, கூடுதல் நிமிடங்கள் உழைத்ததிலிருந்து. எழுந்து போகாத அந்த நிமிடங்கள்தான் என் சிகிச்சை அறைக்கு வலியாக வந்து சேர்கின்றன. அந்த ஆய்வில் சேர வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் இரண்டு அறை வீடுகளில் அது எத்தனை பேருக்கு வாய்க்கும்? தனி அறை இருந்தும், தனிமை தாங்காமல் பலர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

சென்ற ஆண்டு ஒரு பெண் தன் மாமியாரோடு வந்திருந்தார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "வீட்டில்தானே இருக்கிறாள் மேடம், இவளுக்கு எப்படிக் கழுத்து வலிக்கும்?" என்று அந்த அம்மா உண்மையான கவலையோடுதான் கேட்டார். வேலை செய்யும் இடத்தைக் காட்டச் சொன்னேன். மருமகள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். சாப்பாட்டு மேசையின் ஒரு முனை, பிளாஸ்டிக் நாற்காலி, மடிக்கணினி, பின்னால் அடுப்பு. கூட்டத்தில் பேசிக்கொண்டே குக்கர் விசிலை எண்ணுவாராம். மாமியாரை அதே மாதிரி குனிந்து உட்கார்ந்து என் மடிக்கணினியைப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அவர் கை தானாகப் பிடரிக்குப் போனது. நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. குனியக் குனியக் கழுத்து தாங்கும் பாரம் பல மடங்காகும். அடுத்த முறை வந்தபோது, ஜன்னலோரம் இருந்த தையல் இயந்திரத்தை அத்தையே நகர்த்தி இடம் கொடுத்ததாக மருமகள் சொன்னார். பயிற்சிகளும் கொடுத்தேன். என்றாலும் பாதி குணம் அந்த ஜன்னலோரத்தில்தான் கிடைத்தது.

விலை உயர்ந்த நாற்காலி வேண்டியதில்லை. மடிக்கணினியைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்குங்கள், இந்தச் செலவில் மட்டும் கஞ்சம் வேண்டாம். முழங்கை உடலை ஒட்டி மடங்கியிருக்கட்டும். இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு, கால் தரையில் எட்டாவிட்டால் அடியில் ஒரு மணை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள், தொலைபேசி வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். மெத்தையில் சாய்ந்து வேலை செய்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். என் அனுபவத்தில் அதைவிடக் கெட்ட இருக்கை இல்லை.

நேரத்துக்கும் எல்லை வேண்டும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. இரவு பத்து மணிக்கு "ஒரே ஒரு மின்னஞ்சல்" என்று திரும்பத் திறப்பவர்கள் அந்த நேரத்தையும் வேலைக்கணக்கில் எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் எழுதிவந்து காட்டச் சொன்னால், பலர் தாங்களே அதிர்ந்துபோகிறார்கள்.

கழுத்துவலியோடு கை மரத்துப்போனாலோ, பிடித்த டம்ளர் நழுவினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இடுப்புவலியோடு தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூட்டம் முடியட்டும் என்று ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.