கோட்டின் ஒரு முனையில் நிற்கும் படகு

மைதானத்தில் தொடக்கக் கோட்டைச் சுண்ணாம்பால் போட்டுவிடலாம். தண்ணீரில் எப்படிப் போடுவது? பாய்மரப் படகுப் போட்டியில் இரண்டு புள்ளிகளே கோடு. ஒரு முனையில் மிதவை. மறு முனையில், போட்டியை நடத்தும் நடுவர்கள் நிற்கும் நங்கூரமிட்ட கமிட்டி படகு, அதன் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடி. காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால் இந்தப் படகு பெரும்பாலும் வலது முனையில் இருக்கும்.

கமிட்டி படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சினின் குதிரைத்திறனைக் கேட்பது எனக்கு வேடிக்கையாகப் படும். பந்தய நாளின் பெரும்பகுதியை அது நங்கூரத்தில்தான் கழிக்கப் போகிறது. எவ்வளவு நன்றாக நிற்கும் என்றல்லவா கேட்க வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு. 5 மீட்டர் நீளமுள்ள 20 படகுகள் என்றால் மொத்த நீளம் 100 மீட்டர். கோடு அதைவிட நீளமாக, 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது காற்றுக்குக் குறுக்கே கிடக்கிறது, படகுகள் காற்று வரும் திசை நோக்கிக் கிளம்புகின்றன. கமிட்டி படகு காற்று தள்ளும் பக்கமாக 5 மீட்டர் பின்வாங்கினால் கோடு ஏறக்குறைய 2 டிகிரி சாயும். இதனால் மிதவை முனையில் கிளம்புகிறவருக்கு மற்ற முனையில் கிளம்புகிறவரைவிட ஒரு படகு நீளம் இலவசமாகக் கிடைத்துவிடும்.

நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதில்லை. அதன் கொழு தரையில் புதைய வேண்டும், கயிறு அதைக் கிடையாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு கயிறு விடுகிறார்கள். ஆழத்தோடு நீர்மட்டத்துக்கு மேல் அணியம் (படகின் முன்முனை) இருக்கும் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்; பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 8 மீட்டர் ஆழம், 1 மீட்டர் அணிய உயரம் என்றால் 7 மடங்குக்கு 63 மீட்டர் தேவை. நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலி இருந்தால் அது தரையோடு படிந்து இழுப்பைக் கிடையாக்கும். ஒரு சங்கடமும் உண்டு: கயிறு நீள நீள, படகு அலையும் இடமும் பெரிதாகும்.

அலைய வைப்பது காற்று. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) காற்று 20 ஆனால் தள்ளும் விசை 4 மடங்கு. மாடி வைத்த உயரமான படகு, பாய் விரித்ததுபோல இடமும் வலமுமாக ஆடும். அதைவிட மோசம் அதன் காற்று நிழல். கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று தளர்ந்துபோகும். அந்த முனையில் கிளம்பும் படகுகள் அதன் பின்புறத்தை ஒட்டித்தானே வருகின்றன! நடுவர் படகே போட்டியாளரின் காற்றைத் திருடினால் யாரிடம் முறையிடுவது?

அதற்காக ஒரேயடியாகத் தாழ்ந்த படகும் உதவாது. பக்கத்துப் படகுகளின் பாய்கள், நேரத்துக்கு முன்பே கோட்டைத் தாண்டிய தூரத்துப் படகை நடுவரிடமிருந்து மறைத்துவிடும். தாழ்ந்த கேபினும், ஆரஞ்சுக் கொடிக் கம்பத்தை ஒட்டி நின்று மிதவையைக் குறிபார்க்கத் திறந்த தளமும் உள்ள படகையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அகலம் நல்லதுதான். நீளம் மாறாமல் அகலத்தை இரட்டித்தால், சாய்வை எதிர்ப்பதில் மிதக்கும் பரப்பின் பங்கு 8 மடங்காகும். ஆனால் அப்படி விறைப்பான படகு அலையில் வெடுக்கென்று துள்ளும். தொலைநோக்கி பிடித்தவரின் வயிற்றைக் கேட்டால் தெரியும். அமைதியான ஏரிக்கு இரட்டை மிதவைத் தளம் போதும். திறந்த கடலுக்குக் கனமான, ஆழமான உடல் வேண்டும்.

கொடிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தொடக்கத்துக்கு 5, 4, 1 நிமிடம் முன்பும் தொடக்கத்தின்போதும் கொடி ஏறும் அல்லது இறங்கும், கூடவே ஊதல் ஒலிக்கும். நேரத்துக்குக் கணக்கு கொடிதான். ஊதல் ஒலிக்காமலே போனாலும் தொடக்கம் செல்லும். காரணம் எளிது. ஒலி 150 மீட்டரைக் கடக்க 0.4 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் 6 நாட் வேகத்தில் வரும் படகு ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். எனவே கொடிக்கம்பங்களை மறைக்கும் கூரைத்துணி உள்ள படகு வேண்டாம்.

வாங்குமுன் ஒரு சோதனை. காற்று பலமான நாளில் படகை நங்கூரமிடச் சொல்லுங்கள். அசையாத ஏதாவது ஒன்றைக் கம்பத்தோடு சேர்த்துக் குறிபார்த்தபடி கால் மணி நேரம் நில்லுங்கள். பிறகு அந்த 63 மீட்டர் கயிற்றையும் மேலே இழுக்கச் சொல்லுங்கள். காற்று திசை மாறி, கோட்டை மறுபடி காற்றுக்குக் குறுக்கே போடும் ஒவ்வொரு முறையும் அதை யாரோ ஒருவர் இழுத்தாக வேண்டும்.