பொது மாதிரியை யார், எங்கே, ஏன் மாற்றினார்கள்?

பத்துச் சங்கங்களுக்கு ஒரே மென்பொருள், ஒரே கொள்வனவு நடைமுறை, ஒரே படிவக் கட்டு என்று ஒரு பொது மாதிரியைக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். பத்து விதமாக நடந்துகொண்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நடைமுறை எழுதிக் கொடுக்கிற, அதைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் கணக்காய்வு நெருங்கும்போது போய், "மாதிரியில இருக்கிறபடி செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பவர் குறைவு. அடுத்த பதிப்புக்கு வேண்டிய சங்கதி எல்லாம் அந்தப் பதிலில்தான் கிடக்கிறது.

ஒரு சாதாரணக் கொள்வனவை எடுப்போம். தேவைப் படிவம், மூன்று விலைமனு, கொள்வனவுக் கட்டளை, பொருள் வந்ததும் எண்ணி ஏற்புச் சீட்டு, சிட்டையோடு ஒப்பிட்டுக் காசோலை. நகரத்துச் சங்கக் கடைக்கு இது அப்படியே பொருந்தும். லொறி வாசலில் நிற்கும், எண்ணி இறக்கினால் சரி.

நெடுந்தீவுக்கு இது எப்படிப் பொருந்தும்? சரக்கு குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும்தான் தரை வழியாகப் போகும். அங்கே இறக்கி, படகில் ஏற்றி, தீவில் மறுபடி இறக்கிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கடல் கொந்தளித்தால் எல்லாம் இறங்குதுறையிலேயே தங்கிவிடும். 50 மூட்டை மாவில் 2 மூட்டை நனைந்து வந்தால் அது எந்தக் கையில் நனைந்தது? மாதிரியில் ஏற்புச் சீட்டு ஒன்றுதான், அதுவும் கடை வாசலில். அதனால் களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு கொப்பியில் தானே நிரல் கீறுகிறார்: அனுப்பியது, துறையில் இறங்கியது, சேதம், லொறிச் சாரதியின் கையொப்பம். மாதிரியில் இல்லாத ஒரு படி இப்படித்தான் முளைக்கிறது. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் இதே தேவை உண்டு. ஆகவே இது ஒரு சங்கத்தின் தனி விருப்பம் அல்ல. பொது மாதிரியிலேயே "இடையில் கைமாறும் இடம் உண்டா?" என்று ஒரு கேள்வி வைத்து, உண்டு என்றால் மட்டும் திறக்கும் படியாக இதைச் சேர்க்கலாம். நகரத்துக் கடைக்கு அந்தப் படி கண்ணிலேயே படாது.

கடற்றொழிலாளர் சங்கத்தின் கதை வேறு. அங்கே மீன் கரைக்கு வந்த பிறகுதான் நிறை தெரியும், ஏலம் கூறிய பிறகுதான் விலை தெரியும். முற்பணம் வாங்கியிருந்தால் அதைக் கழித்துத்தான் மிச்சம் கையில் போகும். கொள்வனவுக் கட்டளைக்கு இதில் இடமே இல்லை. இருந்தாலும் மாதிரி கேட்கிறது என்பதற்காகப் பின்னேரம் இருந்து எழுதுவார்கள். கோப்பைத் திறந்தால் கட்டளை, ஏற்புச் சீட்டு, சிட்டை மூன்றிலும் ஒரே திகதி, ஒரே பேனை, ஒரே கையெழுத்து. இப்படி ஒரு கோப்பைக் கண்டால் நான் எழுதினவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் படி அங்கே செத்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வேன். இதை ஒட்டுப்போட்டுத் திருத்தவும் முடியாது. ஏலக் கொள்வனவுக்குத் தனி மாதிரியே வேண்டும்.

எழுதினவர்கள் பெரிய ஆட்கள் என்பதால் மாதிரி சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்கிற ஜெர்மனியின் எஸ்.ஏ.பி (SAP) கொடுத்த பொது மாதிரியில் 604 செயல்முறை வரைபடங்கள் இருந்தன. 2006-இல் ஆய்வாளர்கள் கணினி கொண்டு சோதித்தபோது குறைந்தது 34-இல் தர்க்கப் பிழை இருந்தது. நடுவழியில் மாட்டிக்கொண்டு முடிவுக்கு வராமல் நிற்பது போன்ற பிழைகள். நெதர்லாந்தில் ஐந்து நகரசபைகளின் கட்டட அனுமதிப் பதிவுகளை 2015-இல் ஆய்வுக்குத் திறந்துவிட்டார்கள், ஒரே வேலையை ஐந்து இடத்திலும் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க. எங்கள் மாவட்டத்திலும் 1987-இன் 15-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 13 பிரதேச சபைகள் இருக்கின்றன. அப்படி ஒருக்கா ஒப்பிட்டால் எவ்வளவோ வெளியே வரும்.

ஒப்பிடுவதற்கு வழியும் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்தது, நீக்கியது, இடம் மாற்றியது என்று மூன்றாகப் பிரித்து எண்ணலாம். எந்த மாதிரியை வைத்தால் எல்லாச் சங்கமும் சேர்த்துக் குறைந்த மாற்றத்தோடு தங்கள் நடைமுறைக்கு வந்து சேருமோ, அதுவே அடுத்த பதிப்பு. 2008 அளவில் ஆய்வாளர்கள் இதைக் கணினி தேடிக் கண்டுபிடிக்கும் முறையாகவே ஆக்கினார்கள். எங்களுக்கு ஓர் எக்செல் தாள் போதும்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் அகப்பட்டுக்கொள்வோம். யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயி கொண்டுவரும் மரக்கறியில் பத்துக்கு ஒரு கிலோவைக் கழிவு என்று கழிக்கிற வழக்கம் நீண்டகாலச் சண்டை. மரக்கறி வாங்குகிற எல்லா இடமும் படிவத்தில் "கழிவு" என்று ஒரு நிரலைச் சேர்த்திருக்கலாம். பெரும்பான்மை என்று அதைப் பொது மாதிரியில் ஏற்றினால் அநியாயத்துக்கு நாங்களே அச்சடித்துக் கொடுத்ததாகிவிடும். இரண்டாவது கையொப்பத்தை நீக்குவதும் இந்த வகைதான். எல்லோரும் நீக்கியிருப்பார்கள், வேலை சுகம் என்பதற்காக. இங்கே செய்ய வேண்டியது கையொப்பத்தை எடுப்பதல்ல. இரண்டாவது ஆள் ஏன் கிடைப்பதில்லை என்று பார்த்து, எந்தத் தொகைக்கு மேல் அது கட்டாயம் என்று வரம்பு வைக்க வேண்டும்.

வரி வீதம் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. 2024 ஜனவரி 1-இல் பெறுமதி சேர் வரி 15-இலிருந்து 18 சதவீதமானது. அதற்காக நடைமுறையைத் திருத்த வேண்டி வந்திருந்தால் மாதிரியை எழுதின விதமே பிழை. வீதம் அதற்கென்று ஒரு தனிக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சங்கங்களிடம் கேட்பது ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. எந்தப் படி, என்ன செய்தீர்கள், ஏன், யார் முடிவெடுத்தது. நான்கே வரி. "ஏன்" என்ற வரியை "வசதிக்காக" என்று நிரப்பி அனுப்பினால் தொலைபேசியில் எடுத்துக் கதையுங்கள். எழுதத் தயங்குகிறவர் கதைக்கும்போது நெஞ்சைத் திறந்து சொல்வார். கணக்காய்வுக்குப் போகாது என்ற உறுதியை முதலே கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த வாக்கைப் பிறகு காப்பாற்றவும் வேண்டும்.

புதுப் பதிப்பு வரும்போது அந்தந்தச் சங்கத்துக்கு ஒரு கடிதமும் சேர்ந்து போகட்டும்: நீங்கள் செய்த மாற்றங்களில் இவற்றை எடுத்துக்கொண்டோம், இவை உங்களுக்கு மட்டும் உரியவையாக இருக்கட்டும், இவற்றை இன்ன காரணத்தால் ஏற்கவில்லை. இது போகாவிட்டால் இரண்டாம் வருடம் யாரும் அந்த நான்கு வரியை எழுதி அனுப்பமாட்டார்கள்.