மேனேஜர் நாற்காலியில் மனது யாரை உட்காரவைக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் கோயில் சமையற்கட்டை எட்டிப் பாருங்கள். எத்தனை பேருக்கு உலை வைப்பது, யார் காய் நறுக்குவது, பருப்பு குறைந்தால் யாரைக் கடைக்கு அனுப்புவது, எல்லாம் அக்காமார் கையில். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் உதவி. நிர்வாகம் என்றால் கமிட்டித் தலைவர்தான், பெரும்பாலும் ஓர் அண்ணன்.

நிர்வாகம் என்றால் ஆண் என்ற இந்த எண்ணத்தை எப்படி அளப்பது? "பெண்கள் நல்ல மேனேஜர் ஆவார்களா?" என்று நேராகக் கேட்டால், "ஏன் ஆகமாட்டார்கள்?" என்றுதான் பதில் வரும். அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஷைன் 1973-ல் சுற்றி வளைத்துக் கேட்டார். 92 குணங்கள் கொண்ட ஒரே பட்டியல். காப்பீட்டு நிறுவனங்களின் 300 ஆண் மேனேஜர்களில் சிலர், பொதுவாக ஆண்களுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்று மதிப்பெண் போட்டார்கள், சிலர் பெண்களுக்கு, மீதிப்பேர் வெற்றிகரமான மேனேஜருக்கு. ஒருவர் கையில் ஒரு தாள்தான். ஒப்பிட்டுப் பார்த்தது ஷைன். மேனேஜர் தாளும் ஆண் தாளும் நன்றாக ஒத்துப்போயின, பெண் தாள் தள்ளி நின்றது. 1975-ல் பெண் மேனேஜர்களிடம் கேட்டபோதும் அதே விடை! ஆண்களின் ஓரவஞ்சனை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

உளவியலாளர்கள் ஆலிஸ் ஈக்லியும் வலேரி ஸ்டெஃபனும் 1984-ல் ஓர் ஆய்வு செய்து ஒரு விளக்கம் தந்தார்கள். ஒருவரை வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று சொன்னால், ஆணானாலும் பெண்ணானாலும் மென்மையானவர் என்றே ஆய்வில் பங்கேற்றவர்கள் மதிப்பிட்டார்கள். வேலைக்குப் போகிறவர் என்றால், இருவரையும் துணிந்து முடிவெடுப்பவர் என்றார்கள். அதாவது யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அவர்களின் குணத்தை ஊகிக்கிறோம். 1860-லிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் கண்டது என்ன? அதட்டி வேலை வாங்கும் சர்தார் ஓர் ஆண். பெண்ணுக்கோ ஆணின் கூலியில் பாதி. அதிகாரம் யாருக்குப் பொருந்தும் என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதே இல்லை.

பொறுப்பு கிடைத்த பிறகும் சிக்கல் விடாது. ஈக்லியும் ஸ்டீவன் கரௌவும் 2002-ல் சொன்னபடி, பெண் மென்மையாக இருந்தால் தலைமைக்குப் போதாது, கறாராக இருந்தால் பெண்ணுக்கு அழகல்ல. "அந்த அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்பது குறை. "சார் ஸ்ட்ரிக்ட்" என்பதோ பாராட்டு.

காலம் போகப்போக இது தளர்ந்துதான் வருகிறது, ஆனால் சமமாக அல்ல. 1989-ல் ஷைன் குழு மறுபடி கேட்டபோது பெண் மேனேஜர்களின் பார்வை மாறியிருந்தது, ஆண்களுடையது கிட்டத்தட்ட அப்படியே. 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஆண்களிடமே இந்த எண்ணம் கூடுதல்.

தென்னாப்பிரிக்காவில் 1998-ல் வந்த வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் எந்தப் படியில் எத்தனை பெண்கள் என்று அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். வெறும் கோட்டா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் ஈக்லி சொல்வது சரியென்றால், நாற்காலியில் இருக்கும் ஆட்கள் மாறும்போது அடுத்த தலைமுறையின் ஊகமும் கூடவே மாறும்.