டங்கனை ஏன் உட்கார வைத்தார்?

ஏப்ரல் நடுவில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) தொடங்கிவிட்டால், ஜூன் வரைக்கும் என் மனநல ஆலோசனை அறைக்குள் கூடைப்பந்தும் வந்துவிடும். தூக்கம் வரவில்லை என்று ஒருவர் வருவார். வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறார் என்று இன்னொருவரை மனைவி அழைத்து வருவார். வேலை, கடன், உடம்பு என்று பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் போன் வெளியே வரும். "இந்த ஒரு இடத்தை மட்டும் பாருங்க மேடம்."

அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் ரசிகர். போனில் அவர் காட்டியது முந்தின நாள் ஆட்டம்கூட இல்லை. 2013 ஜூன் 18, மயாமியில் நடந்த இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். தொடரில் ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னால் இருந்தது. இதை ஜெயித்தால் கோப்பை. 28.2 விநாடி மிச்சம், ஸ்பர்ஸ் 94-89 என்று முன்னால். கோப்பை கொடுப்பதற்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆட்களே வந்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததை அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் வீசிய மூன்று புள்ளி ஷாட் தவறியது. பந்தை ஸ்பர்ஸ் பிடிக்க முடியவில்லை. அது மறுபடி லெப்ரானிடமே போய், இந்த முறை உள்ளே விழுந்தது. 94-92. ஸ்பர்ஸின் காவாய் லெனர்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் வீசுவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி). ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. 95-92. மறுபடி லெப்ரான் மூன்றுக்கு வீசினார், தவறியது. மயாமியின் கிறிஸ் பாஷ் ரீபவுண்ட் எடுத்து (தவறித் திரும்பும் பந்தைப் பிடித்து), வலது மூலைக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த ரே ஆலனிடம் கொடுத்தார். ஆலனின் மூன்று புள்ளி ஷாட் உள்ளே. 5.2 விநாடி இருக்கும்போது ஸ்கோர் சமம். கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று ஜெயித்தது. ஏழாவது ஆட்டத்தையும் அவர்களே ஜெயித்தார்கள்.

அன்றைக்கு 30 புள்ளி, 17 ரீபவுண்ட் எடுத்திருந்த ஸ்பர்ஸின் டிம் டங்கன், அந்த இரண்டு ரீபவுண்டின்போதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஸ்பர்ஸ் கோச் கிரெக் போபோவிச்தான் அவரை வெளியே எடுத்திருந்தார்.

"டங்கன் உள்ள இருந்திருந்தா பந்து அவர் கைக்குத்தான் வந்திருக்கும். சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும் மேடம்."

நான் குறித்துக்கொண்டது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். பிளேஆஃப் தோல்வியைப் பேசுகிற எல்லாருமே ஏதாவது ஒரு வடிவில் இதைச் சொல்கிறார்கள். ஆனால் சின்னப் பையனுக்குத் தெரிந்தது ஆட்டம் முடிந்த பிறகு. முடிவதற்கு முன்னால் அது யாருக்கும் தெரியாது. முடிவு தெரிந்த பிறகு, அதை முதலிலிருந்தே எதிர்பார்த்தது போல நம் மூளை நினைவையே திருத்தி எழுதிக்கொள்கிறது. 1975இல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். முடிவு இன்னதென்று சொல்லப்பட்டவர்கள், அது சொல்லப்படாமலே தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று உறுதியாக நம்பினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித் தோன்றுகிறது. இது ரசிகர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. மருத்துவருக்கு வரும், நீதிபதிக்கு வரும், எனக்கும் வரும்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. 1988இல் ஜொனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் ஒரு நோயாளியின் கதையை மக்களிடம் கொடுத்தார்கள். இருதய பைபாஸ் அறுவை செய்யலாம் என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். அபாயத்தின் அளவும் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு கதையில் நோயாளி பிழைக்கிறார், இன்னொன்றில் இறந்துவிடுகிறார். மற்ற எல்லாம் ஒன்றே. ஆனாலும் நோயாளி இறந்த கதையைப் படித்தவர்கள் மருத்துவர் எடுத்த முடிவே மோசம் என்றார்கள். முடிவெடுத்த நிமிடத்தில் மருத்துவரின் கையில் இருந்த தகவல் இரண்டிலும் ஒன்றுதான். பந்து வளையத்துக்குள் போனால் கோச் அறிவாளி, விளிம்பில் பட்டு வெளியே வந்தால் முட்டாள் என்கிறோமே, அதே கதைதான்.

சரி, டங்கனை ஏன் வெளியே எடுத்தார்? மயாமிக்கு அப்போது தேவைப்பட்டது மூன்று புள்ளி ஷாட். பாஷ் உயரமானவர், ஆனால் வெளியே நின்றும் வீசக்கூடியவர். டங்கன் ஆறடி பதினோரு அங்குலம், அப்போது வயது 37. எதிரணி மறைப்பு போட்டு (தடுக்க வருகிறவரின் வழியில் நின்று) ஓட ஓட, யார் யாரை வேண்டுமானாலும் மாறிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கு வேகமான கால்கள் வேண்டும். அந்தப் பருவம் முழுக்க இந்த மாதிரிக் கட்டத்தில் ஸ்பர்ஸ் இப்படித்தான் ஆடியது. அந்தத் திட்டத்தில் பாதி பலிக்கவும் செய்தது. லெப்ரானின் இரண்டு முதல் ஷாட்டும் தவறின. ரீபவுண்டில்தான் கோட்டை விட்டார்கள். டங்கன் இருந்திருந்தால் ரீபவுண்ட் கிடைத்திருக்கலாம். டங்கன் இருந்த காரணத்தாலேயே முதல் ஷாட்டுக்கு இடம் கிடைத்து அதுவே உள்ளே போயிருக்கவும் கூடும். அந்த இன்னொரு ஆட்டத்தின் வீடியோ யாரிடமும் இல்லை.

"மூன்று புள்ளி முன்னால் இருக்கும்போது ஏன் ஃபவுல் செய்யவில்லை?" என்பது அடுத்த பழைய சண்டை. அதாவது, ஷாட் வீசுவதற்கு முன்பே வேண்டுமென்றே விதியை மீறி ஆளைத் தடுத்திருக்கலாமே என்பது. உண்மையாகவே நல்ல சண்டை. நெருக்கடியில் வீசும் மூன்று புள்ளி ஷாட் மூன்றில் ஒன்று உள்ளே போகும் என்று வைத்துக்கொள்வோம். போனாலும் சமம்தான் ஆகும். கூடுதல் நேரத்தில் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. அப்படிப் பார்த்தால் ஃபவுல் செய்யாமல் விட்டாலும் தோற்கும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். ஃபவுல் செய்தால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. மூன்று புள்ளி எடுக்க முடியாது. ஆனால் வீசத் தொடங்கியவன் கையைத் தட்டிவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. இரண்டு மட்டும் கிடைத்தாலும், இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு ரீபவுண்டுக்குப் பாய்வார்கள். நேரம் மிச்சம் இருந்தால் அவர்களும் பதிலுக்கு ஃபவுல் செய்வார்கள், நம் ஆள் போய் ஃப்ரீ த்ரோ போட வேண்டும். ஐந்து விநாடி இருந்தால் ஃபவுல் செய்வதே மேல் என்பது என் எண்ணம். பத்தொன்பது விநாடி இருந்தால் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. ஆக இது கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய விஷயம். இதில் யாரும் துரோகி இல்லை.

அப்புறம், அந்தக் கடைசி அரை நிமிடத்துக்குள் ஸ்பர்ஸ் தவறவிட்ட, யாரும் அதிகம் பேசாத இரண்டு ஃப்ரீ த்ரோ இருக்கின்றன. மனு ஜினோபிலி இரண்டில் ஒன்றைத் தவறவிட்டார், லெனர்டும் இரண்டில் ஒன்றைத் தவறவிட்டார். எந்த ஒன்று உள்ளே போயிருந்தாலும் ஆலனின் ஷாட் சமன் செய்திருக்காது. ஆனால் கோபத்துக்கு ஒரே ஒரு முகம் வேண்டும். டங்கன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காட்சி அதற்கு வசதியாகக் கிடைத்துவிட்டது.

அன்று நான் வீடியோவை 19.4 விநாடி மிச்சம் இருக்கும் இடத்தில் நிறுத்தினேன். ஒரு தாளையும் பேனாவையும் அவரிடம் கொடுத்தேன். "ஆலன், ஷாட் எல்லாம் மறந்துடுங்க. 95-92. பந்து அவங்ககிட்ட. உங்க அஞ்சு பேர் யாரு? ஃபவுல் உண்டா இல்லையா? எழுதுங்க."

'டங்கன்' என்று முதலில் எழுதினார். ஃபவுல் வேண்டாம் என்று எழுதினார். "பாஷ் வெளியே வந்துட்டா டங்கன் எங்க நிப்பார்?" என்று கேட்டேன். பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். டங்கன் பெயரை அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதினார். மறுபடி அடித்தார். மூன்று நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். மூச்சு வாங்காமல், இருபதாயிரம் பேர் சத்தம் காதில் விழாமல், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மூன்று நிமிடம். தாளைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டுமே சரியா இருக்கே மேடம்" என்றார். பிறகு ஏழாவது ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். கடைசி நிமிடம், மயாமி 90-88 என்று முன்னால், டங்கன் உள்ளேதான் இருக்கிறார். வளையத்துக்குப் பக்கத்தில் சுலபமான ஷாட்டைத் தவறவிடுகிறார், திரும்பி வந்த பந்தைத் தட்டிப் போடுகிறார், அதுவும் போகவில்லை. திரும்பி ஓடியவர் குனிந்து தரையில் கைகளால் அறைகிறார். என்னிடம் வந்தவர் அதற்கு எதுவும் சொல்லவில்லை.

தோற்ற ஆட்டத்தைப் பேசவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பருவம் முழுக்க, எண்பத்திரண்டு ஆட்டம் கூடவே வந்தவருக்கு, அது ஒரு நொடியில் முடிந்துபோனால் பேசித்தான் ஆற வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் டைம்அவுட்டையும் மாற்று ஆளையும் வைத்து வாதாடுவது எனக்குப் பிடிக்கும். என் கவலை, 'அந்த முடிவு சரியா' என்ற பேச்சு 'அவன் ஒருத்தனால்தான்' என்று மாறுகிற இடத்தைப் பற்றித்தான்.

ஆர்லாண்டோ அணியின் நிக் ஆண்டர்சனை நினைத்துப் பாருங்கள். 1995 ஜூன் 7, இறுதித் தொடரின் முதல் ஆட்டம், ஆர்லாண்டோவில். ஹூஸ்டனை விட ஆர்லாண்டோ மூன்று புள்ளி முன்னால், 10.5 விநாடி மிச்சம். ஆண்டர்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று போனாலே ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. இரண்டும் தவறின. அந்த ரீபவுண்டையும் அவரேதான் தாவிப் பிடித்தார். மறுபடி ஃபவுல், மறுபடி இரண்டு. அவையும் தவறின. ஹூஸ்டனின் கென்னி ஸ்மித் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ஹூஸ்டன் 120-118 என்று ஜெயித்தது, தொடர் 4-0 என்று முடிந்தது. முதல் பாதியில் இருபது புள்ளி முன்னால் இருந்த அணி ஆர்லாண்டோ. அந்த முன்னிலை கரைந்ததில் எத்தனை பேருக்குப் பங்கு! ஆனால் அவருக்கு 'நிக் தி பிரிக்' என்று எதுகையாக ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். பிரிக் என்றால் செங்கல், மோசமாகத் தவறும் ஷாட்டுக்கும் அதே சொல். அந்தப் பருவத்தில் ஃப்ரீ த்ரோவில் 70 விழுக்காடு போட்டுக்கொண்டிருந்தவர், 1996-97இல் 40 விழுக்காட்டுக்கு விழுந்தார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரீ த்ரோ வீசும் கோட்டுக்குப் போய் நின்றாலே அந்த இரவு மனதில் வந்து நின்றுவிடும் என்று அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். விளையாட்டு வீரர்களோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி மனதில் பட்ட காயத்தை ஆற்றுவது முழங்கால் தசைநாரை ஆற்றுவதைவிடக் கடினம். அந்தக் காலத்தில் அவரைத் திட்ட வேண்டும் என்றால் அரங்குக்கு வர வேண்டும், இல்லையென்றால் வானொலிக்கு போன் செய்ய வேண்டும். இன்றைக்கு வசவு நேராக அவருடைய சட்டைப்பைக்கே போய்விடும்.

சூதாட்டம் வேறு சேர்ந்துகொண்டது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகு, மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி வந்துவிட்டது. கிளீவ்லாந்து அணியின் கோச்சாக இருந்த ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப், பந்தயம் கட்டுகிறவர்கள் தன் போன் எண்ணைக் கண்டுபிடித்து, வீடு எங்கே, பிள்ளைகள் யார் என்று மிரட்டிச் செய்தி அனுப்பியதை 2024இல் செய்தியாளர்களிடம் சொன்னார். என்னிடம் வருகிறவர் கோச்சை விடாமல் திட்டினால் இப்போதெல்லாம் நான் மெதுவாகக் கேட்டுவிடுவேன்: "இந்த ஆட்டத்துல பணம் எவ்வளவு போச்சு?" பாதி நேரம் பதில் வருவதற்கு முன்னால் அழுகை வருகிறது.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்லாமல் விட முடியாது. டேவிட் கார்டு, கார்டன் டால் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இது. அமெரிக்கக் கால்பந்தில், ஜெயிக்கும் என்று எல்லாரும் நம்பிய சொந்த ஊர் அணி தோற்றுப்போன நாட்களில், வீட்டில் ஆண்கள் மனைவியையோ துணையையோ தாக்கியதாகப் போலீசில் பதிவான சம்பவங்கள் சுமார் 10 விழுக்காடு கூடின. அதுவும் ஆட்டம் முடிகிற நேரத்தை ஒட்டி. தோற்கும் என்று எதிர்பார்த்த ஆட்டத்தில் தோற்றால் இப்படி ஆகவில்லை. கையில் இருந்தது நழுவியதுதான் ஆளை உடைக்கிறது. அதனால் ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் உங்கள் வீட்டில் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகிறார்களா என்று கவனியுங்கள். ஒதுங்கினால், உதவி கேட்க அது ஒன்றே போதுமான காரணம். நாலு நாளுக்கு மேல் தூக்கம் கெட்டாலும், தோற்ற பணத்தை அடுத்த ஆட்டத்தில் மீட்கலாம் என்று கை போனாலும் அப்படித்தான்.

மற்றவர்களுக்கு நான் கொடுப்பது அந்தத் தாளும் பேனாவும்தான். கடைசி ஷாட்டுக்கு முன்னால், முடிவு தெரிவதற்கு முன்னால், நீங்கள் கோச்சாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதிவிடுங்கள். இரண்டு வரி போதும். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

அந்த ஸ்பர்ஸ் ரசிகர் அடுத்த பிளேஆஃபில் மகனோடு உட்கார்ந்து இதைச் செய்து பார்த்திருக்கிறார். மூன்று புள்ளி முன்னால், ஒன்பது விநாடி மிச்சம், டைம்அவுட். மகன் 'ஃபவுல்' என்று எழுதினான். அவர் 'வேண்டாம்' என்று எழுதினார். கோச் ஃபவுல் செய்யச் சொல்லவில்லை, எதிரணியின் ஷாட் விளிம்பில் பட்டு வெளியே வந்தது, அவர்கள் அணி ஜெயித்தது. "ஆனாலும் அவன் எழுதினதுதான் சரியோன்னு தோணுது மேடம்" என்றார். அதைப் பற்றி இருவரும் இரவு ஒரு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்களாம்.