ஒன்பது நாளாக 38 சென்டிமீட்டர்

போன வாரம் மறுபடியும் ஒரு மேன்ஹோல் வழிந்து, கழிவுநீர் தெருவில் ஓடியது. கண்காணிப்புத் திரையில் அந்த இடம் பச்சையாகவே இருந்தது. குழாயில் கழிவுநீர் மட்டம் 38 சென்டிமீட்டர். பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். முந்தின நாளும் 38, அதற்கு முந்தின நாளும் 38. ஒன்பது நாளாக அதே எண்.

மூடியைத் திறந்தால், மேலிருந்து ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிடும் அல்ட்ராசோனிக் சென்சாரின் தாங்கியில் ஒரு திருகு கழன்று, சென்சார் சாய்ந்து தொங்குகிறது. எதிரொலி திரும்பி வரவில்லை. அப்படி வராதபோது கடைசியாகக் கிடைத்த நல்ல அளவையே அனுப்பிக்கொண்டிருக்கும்படி கருவியை அமைத்து வைத்திருந்தார்கள். இந்த ஆண்டில் இப்படி நான் பார்ப்பது இது நான்காவது இடம்.

ஒவ்வொரு இடத்திலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "டேட்டா விடாமல் வந்துகொண்டுதானே இருந்தது?" வந்தது, சரி. ஆனால் வருவது வேறு, சரியாக இருப்பது வேறு. '99 சதவீத டேட்டா கிடைத்தது' என்று மாத அறிக்கையில் எழுதுகிறோமே, பேட்டரியும், அளவைப் பதிந்து வைக்கும் லாகரும், அதை அனுப்பும் மோடமும் ஓடின என்பதற்கு மட்டுமே அது சாட்சி. சென்சார் தண்ணீரைப் பார்த்ததா, சுவரைப் பார்த்ததா என்று அந்த எண் சொல்லாது. கழிவுநீர்க் குழாயில் மட்டம் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்காது. மழையே இல்லாத நாளிலும் காலையில் ஏறும், மதியம் இறங்கும், மாலையில் மறுபடி ஏறும், பின்னிரவில் அடங்கும். ஜனங்கள் தூங்கி எழுவது அதில் அப்படியே தெரியும். பெரிய குழாயில் அந்த மேடு கொஞ்சம் மழுங்கித் தாமதமாக வரும், அவ்வளவுதான். கோடு ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தால், சென்சாருக்குக் கண் போய்விட்டது என்று உடனே சந்தேகப்படுங்கள். தயவுசெய்து அந்த 'கடைசி அளவைத் தொடரும்' அமைப்பை அணைத்துவிட்டு, எதிரொலி இல்லை என்றால் இல்லை என்றே பதிவாக விடுங்கள். இடைவெளி தெரிந்தால் யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று, தாவும் அளவுகளையெல்லாம் மென்பொருளை வைத்து வெட்டுகிறார்கள். பெருமழையில் மட்டம் நிமிடக் கணக்கில் எகிறும். அதைப் பிடிக்கத்தானே சென்சாரை வைத்தோம்? மழைமானிப் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த உச்சத்தையும் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் குறி போடுங்கள், அழிக்காதீர்கள். மூலப் பதிவு யார் கையும் படாமல் தனியாக இருக்கட்டும்.

நேர்கோட்டையாவது கண்ணால் பிடித்துவிடலாம். மெல்ல நகரும் பிழைதான் ஆளை ஏமாற்றும். காற்றின் வெப்பம் 10 டிகிரி மாறினால் ஒலியின் வேகம் ஏறக்குறைய 1.7 சதவீதம் மாறுகிறது. தண்ணீருக்கு 3 மீட்டர் மேலே இருக்கும் சென்சாரில் வெப்பத் திருத்தம் வேலை செய்யாவிட்டால் 5 சென்டிமீட்டர் பிழை வரும். குழாயில் ஓடுவதே 20 சென்டிமீட்டர் என்றால் அது கால் பங்கு. தண்ணீருக்குள் கிடந்து அதன் அழுத்தத்தை வைத்து மட்டத்தை அளக்கும் அழுத்தச் சென்சாரில், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிப்பதற்காக வைத்த காற்றுக்குழாய் அடைத்துக்கொண்டால், வளிமண்டல அழுத்தம் 10 மில்லிபார் ஏறும்போது மட்டம் 10 சென்டிமீட்டர் ஏறியதாகக் காட்டும்.

ஓட்டம் அளக்கும் இடங்களில் நான் முதலில் செய்வது, மட்டத்தையும் வேகத்தையும் ஒரே கிராஃபில் புள்ளிகளாக வைப்பது. ஒழுங்காக இருக்கும் இடத்தில் புள்ளிகள் ஒரு வளைவை ஒட்டியே விழும். மட்டம் ஏற ஏற வேகம் குறைந்தால் கீழ்ப்பக்கம் எங்கோ அடைப்பு. மட்டம் வழக்கம்போல் இருக்க, வேகம் மட்டும் நாளுக்கு நாள் சரிந்தால் சென்சாரில் துணி சுற்றியிருக்கும், இல்லாவிட்டால் மண் மூடியிருக்கும். லாகர் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கையால் அளப்பதற்கு மாற்று கிடையாது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அளவுகோலை விட்டுத் தண்ணீர் மட்டத்தை எடுத்து, அதே நிமிடத்துச் சென்சார் அளவோடு சேர்த்து எழுதுங்கள். மேலே நின்றபடியே எடுங்கள். சரிபார்ப்பதற்காக ஒருவரையும் உள்ளே இறக்காதீர்கள். நாற்றம் இல்லையே, அதனால் நச்சு வாயுவும் இருக்காது என்று நம்பவே நம்பாதீர்கள். சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துவிடும், வாயு அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று. அந்தத் தாங்கி தொங்குவதை, பேட்டரி மாற்றப் போன ஊழியர் நாலு நாள் முன்பே பார்த்திருக்கிறார். அவர் கையில் இருந்த படிவத்தில் பேட்டரி வோல்டேஜுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.