காலியான தொட்டி தானே நிரம்புமா?

முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு வகைக்கெழுச் சமன்பாடு, அதாவது ஓர் அளவு மாறும் வேகத்தைச் சொல்லி அந்த அளவைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சமன்பாடு, நடத்தும்போதெல்லாம் ஒரு தொட்டிக் கணக்கு தருவேன். அடியில் ஓட்டை. நீர்மட்டம் 100 செ.மீ. மட்டம் இறங்கும் வேகம், நிமிடத்துக்கு, அப்போதைய உயரத்தின் வர்க்கமூலத்தைப் போல 2 மடங்கு. இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டில் கண்ட விதிதான் இது.

மாறிகளைப் பிரித்து (உயரம் ஒருபுறம், நேரம் மறுபுறம்), தொகையிட்டு, மாறிலியையும் கண்டு எழுதிவிடுவார்கள்: உயரம் = (10 − நிமிடம்)². பத்தாவது நிமிடத்தில் தொட்டி காலி. சரி, இருபதாவது நிமிடத்தில்? பிரதியிட்டால் 100 வருகிறது. காலியான தொட்டி தானாக நிரம்பிவிட்டது! அதையும் விடைத்தாளில் எழுதி அடிக்கோடிட்டவர்கள் உண்டு.

தவறு முதல் வரியிலேயே இருக்கிறது. பிரிப்பதற்காக இருபுறமும் உயரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தோம். உயரம் 0 ஆனதும் அந்த வகுத்தல் செல்லாது. 'உயரம் எப்போதும் 0' என்ற தீர்வு அங்கேதான் கைநழுவுகிறது. பத்து நிமிடத்துக்குப் பின் தொட்டிக்குப் பொருந்துவது அதுவே. பத்தைத் தாண்டினால் சூத்திரத்தின் சாய்வு மிகை எண்; சமன்பாடோ மட்டம் ஏறவே கூடாது என்கிறது. விடையை மூலச் சமன்பாட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தாலே பிடிபட்டிருக்கும்.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் முதலில் போட்டுக்காட்டும் உதாரணம், வளரும் வேகம் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் கணக்கு. அதிலும் வகுக்கிறோம், 0 தீர்வு தொலைகிறது. ஆனால் கடைசியில் மாறிலிக்கு 0 கொடுத்தால் அது திரும்பி வந்துவிடும். தவறு வெளியே தெரியாததால் பழக்கமாகிவிடுகிறது. அதனால் இப்போது, எதனால் வகுத்தோம், அது 0 ஆனால் என்ன ஆகும் என்று ஓரத்தில் எழுதினால்தான் முழு மதிப்பெண் தருகிறேன்.

ஒரு சார்பின் பண்பை மட்டும் சொல்லி அந்தச் சார்பையே கண்டுபிடிக்கச் சொல்லும் சார்புச் சமன்பாடுகளில் இதே அவசரம் வேறு உருவில் வரும். கூட்டுத்தொகைக்கான சார்பின் மதிப்பு, தனித்தனி மதிப்புகளின் கூட்டுத்தொகை என்னும், பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷியின் சமன்பாட்டைக் கொடுத்ததும் வகையிடத் தொடங்குவார்கள். வகையிடலாம் என்று கணக்கு சொல்லவே இல்லையே! முதலில் 0 பிரதியிடுங்கள், பிறகு முழு எண்கள், பிறகு பின்னங்கள். விகிதமுறு எண்கள் வரை நேர்கோடு தானாகக் கிடைக்கும். எல்லா மெய்யெண்களுக்கும் போகத்தான் தொடர்ச்சி (வரைபடம் எங்கும் அறுபடாமல் இருப்பது) என்ற நிபந்தனை வேண்டும். 1821இல் கோஷி அதை வைத்துக்கொண்டே தீர்த்தார். அது இல்லாவிட்டால் நேர்கோடல்லாத தீர்வுகளும் உண்டென்று 1905இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஹேமல் காட்டினார். அவற்றின் வரைபடம் தளமெங்கும் சிதறிக் கிடக்கும். எவ்வளவு சிறிய வட்டம் போட்டாலும் உள்ளே அதன் புள்ளி ஒன்று இருக்கும்.