சீஸ் போக மீந்த நீர்

பால் திரிந்துபோனால் கட்டிகள் ஒதுங்கி, பச்சை கலந்த மஞ்சள் நீர் பிரிந்து நிற்குமே, அதுதான் வே. உடற்பயிற்சிக்கூடங்களில் டப்பாவில் பார்க்கும் வே புரோட்டீன் அதிலிருந்து எடுப்பதே. பத்து லிட்டர் பாலைச் சீஸாக்கினால் ஒரு கிலோ சீஸும் ஏறக்குறைய ஒன்பது லிட்டர் வேயும் கிடைக்கும்.

அதை அப்படியே ஆற்றில் விட்டால் மீன்கள் செத்து மிதக்கும். விஷத்தால் அல்ல, சத்தால்! லிட்டருக்குக் கிட்டத்தட்ட 50 கிராம் பால் சர்க்கரை அதில் இருக்கிறது. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிரிகள் ஆற்றின் ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடும். வீட்டுச் சாக்கடை நீரைவிட நூறு மடங்குக்கும் மேல் வீரியம் கொண்ட கழிவு இது.

பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில் உள்ள ஆல்பெர்வில் நகரில், பொஃபோர் என்னும் சீஸ் செய்து மீந்த வேயிலிருந்து 2015 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். முதலில் கொழுப்பைப் பிரித்து வெண்ணெய் ஆக்குகிறார்கள். புரதத்தையும் எடுத்துவிடுகிறார்கள். உணவாகக்கூடியதை முதலில் உணவாக்குவது என்ற இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மிஞ்சும் சர்க்கரை நீர், காற்றுப் புகாத தொட்டிக்குப் போகிறது.

அந்தத் தொட்டியை ஓட்டுவது எளிதல்ல. உள்ளே இரண்டு கூட்டம் நுண்ணுயிரிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று சர்க்கரையை அமிலமாக்கும். மற்றொன்று அந்த அமிலத்திலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். முன்னது அசுர வேகம், பின்னது நிதானம். உறை ஊற்றிய பாலை மறந்துவிட்டால் தயிர் எப்படிப் புளிக்கிறதோ, அப்படியே தொட்டியும் புளித்துவிடும். புளித்தால் மீத்தேன் கூட்டம் முடங்கி, வாயு நின்றுபோகும். அதனால் தொட்டியை இதமான சூட்டில் வைத்து, வேயை அளந்து அளந்து விடுகிறார்கள். அமிலம் ஏறினால் காரம் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஆல்பெர்வில்லில் அந்த வாயு எஞ்சினை ஓட்டுகிறது. ஆண்டுக்கு 28 லட்சம் யூனிட், அதாவது சுமார் 1,500 பேருக்குப் போதுமான மின்சாரம் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

தண்ணீரையும் மீட்கலாம். நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் இருப்பது போன்ற சவ்வின் வழியே வேயை அழுத்தித் தள்ளினால், சர்க்கரையும் உப்பும் பெருமளவு ஒருபுறம் தங்கிவிடும், மறுபுறம் நீர் கசியும். பல பால் ஆலைகள் இப்படி எடுத்த நீரைக் கிருமி நீக்கி, குழாய்களையும் தொட்டிகளையும் கழுவுகின்றன. பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். ஆலைக்கு வேண்டிய நீரில் ஒரு பங்கு, பாலோடு சேர்ந்தே பண்ணையிலிருந்து வந்து இறங்குகிறது.